சாயம் போன ஏழு பூச்சிகள்

போன மாதம் விவசாயக் கல்லூரியிலிருந்து ஒரு தம்பி என்னைத் தேடிக்கொண்டு வந்தார். பூச்சிகளைப் பற்றிப் படிக்கிறவர். தோளில் காமிரா, கையில் ஒரு கலர் போட்டோ.

"இந்தப் பொட்டியப் பத்திச் சொல்றதுக்கு உசுரோட இருக்கறது நீங்க ஒருத்தர்தான்னு சொன்னாங்க, அய்யா" என்று ஆரம்பித்தார். ஆரம்பமே மங்களகரமாக இருந்தது.

போட்டோவில் கண்ணாடி மூடி போட்ட பழைய பூச்சிப்பெட்டி ஒன்று. உள்ளே ஏழு அந்துப்பூச்சிகள் சிறகு விரித்து வரிசையாக நின்றன. ஏழும் காய்ந்த வைக்கோல் நிறம். எட்டாவது இடத்தில் முழுப் பூச்சி இல்லை. ஒரு அட்டைத் துண்டில் இரண்டு ஜோடிச் சிறகுகள் மட்டும் ஒட்டியிருந்தன. இடது ஜோடி நல்ல பச்சை. வலது ஜோடி வைக்கோல். அதன் கீழே இங்கிலீஷில் ஒரு சீட்டு: 'ஈரத்தில் வெளுத்தவை. வெளுக்க வைத்தவர் மாரப்பன்.'

"யாருங்கய்யா அந்த மாரப்பன்? அவர வேலைய விட்டு எடுத்துட்டாங்களா?"

"எடுக்கலைங்க தம்பி. கல்யாணம் பண்ணி வெச்சுட்டாங்க" என்றேன். உள்ளே காப்பி ஆற்றிக்கொண்டிருந்த என் மனைவி செல்லம்மாள் சிரிக்கிற சத்தம் கேட்டது. அந்த மாரப்பன் நான்தான்.

தம்பிக்கு வாயால் சொன்னதைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன். இப்போது பிள்ளைகள் உயிரோடிருக்கும் பூச்சியை உட்கார்ந்த இடத்திலேயே கலரில் படம் பிடித்துக்கொண்டு அதைப் பறக்க விட்டுவிடுகிறார்கள். நல்ல காரியம். அந்தக் கலர் பிலிம் அன்றைக்கு எங்களிடம் இருந்திருந்தால் இந்தக் கதைக்கே வேலை இருந்திருக்காது. எனக்குச் செல்லம்மாள் கிடைத்திருப்பாளா என்பதும் சந்தேகந்தான்.

என் ஊர் கம்பைநல்லூர். அப்போது தர்மபுரி தனி ஜில்லா இல்லை, சேலம் ஜில்லாவில் ஒரு தாலுகா. எட்டாவது முடித்துவிட்டு அப்பாவின் காட்டில் ஏர் பிடிக்கவும் வணங்காமல், மேலே படிக்கவும் வணங்காமல் திரிந்துகொண்டிருந்தேன். முப்பதுகளில் மலைக்காடுகளில் சந்தன மரங்களுக்கு ஒரு நோய் வந்தது. இலை சிறுத்து, கிளையெல்லாம் துடைப்பம் மாதிரி குத்திட்டு நின்று, மரமே பட்டுப்போகும். ஏதோ ஒரு பூச்சிதான் இதை மரத்துக்கு மரம் கொண்டுபோகிறது என்று பெரியவர்கள் நினைத்தார்கள். ஆகவே சந்தன மரத்திலும் அதன் பக்கத்து மரங்களிலும் என்னென்ன பூச்சி உண்டோ அத்தனையையும் பிடித்துப் பெயர் எழுத ஆள் எடுத்தார்கள். அதில் நானும் சேர்ந்தேன்.

முதல் மூன்று வருஷம் மரத்தடியில் வெள்ளைத் துணியை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். அடுத்த இரண்டு வருஷம், துணியை இன்னொருவர் பிடிக்க, நான் கிளையைத் தடியால் அடித்தேன். பூச்சிகள் பொலபொலவென்று துணியில் விழும். அதற்கப்புறம்தான் என் கையில் ஊசியைக் கொடுத்தார்கள். அந்த வேலைக்கு 'செட்டர்' என்று பெயர்.

ஊசி குத்துவது லேசுப்பட்ட வேலை இல்லை. அந்துப்பூச்சியை விஷ பாட்டிலில் போட்டு, அது அடங்கியதும் உடனே எடுத்துவிட வேண்டும். ஊசி மார்பின் நட்ட நடுவில் இறங்க வேண்டும். பூச்சியின் முதுகுக்கு மேலே மூன்றில் ஒரு பங்கு ஊசி நிற்க வேண்டும். ரயில் கற்றாழைத் தண்டைச் சீவிச் செய்த பலகையில் ஒரு பள்ளம் இருக்கும். உடம்பு அந்தப் பள்ளத்தில் உட்காரும். பிறகு மெல்லிய ஊசி முனையால் சிறகின் நரம்பைத் தொட்டு மேலே இழுத்து, முன்சிறகின் கீழ் ஓரம் உடம்புக்கு நேர் குறுக்காக வந்ததும் காகிதப் பட்டையால் அழுத்திவிட வேண்டும். மூச்சை விட்டால் சிறகிலிருக்கும் பொடி பறந்துவிடும். ஒரு வாரம் காயவிட்டு எடுத்தால் பூச்சி அப்படியே நிற்கும்.

தர்மபுரியில் ஒரு வாடகை வீடுதான் எங்கள் முகாம். அதற்கு மேலதிகாரி ராவ் அய்யா. பெங்களூர்ப் பக்கத்துக்காரர், வீட்டுப் பேச்சு கன்னடம். வாசல் பெருக்குகிறவரிலிருந்து ஜில்லா கலெக்டர் வரைக்கும் எல்லாரையும், நம் 'ங்க' மாதிரி கன்னடத்தில் மரியாதைக்குச் சொல்லும் 'ரீ' போட்டுத்தான் கூப்பிடுவார். அவர் ஒருநாளும் கோபித்துக்கொண்டு நான் பார்த்ததில்லை. தப்புச் செய்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "பஹள சந்தோஷ" என்பார். 'ரொம்ப சந்தோஷம்' என்று அர்த்தம். அதைக் கேட்டால் செய்த வேலையை முதலிலிருந்து மறுபடி செய்யத் தொடங்குவோம். மெச்சிக்கொள்ளவும் மாட்டார். வேலை அவருக்குத் திருப்தியாக இருந்தால் தன் காப்பியில் பாதியை இன்னொரு தம்ளரில் ஊற்றி நம் பக்கம் தள்ளுவார். நான் சேர்ந்த ஏழெட்டு வருஷத்தில் அந்தப் பாதிக் காப்பி எனக்கு மூன்று தடவை கிடைத்திருந்தது.

அவருக்கு ஒரே ஒரு பிடிவாதம் உண்டு. பூச்சிக்குக் கீழே சீட்டு இருக்க வேண்டும். எந்த ஊர், எந்த மரம், என்றைக்கு, யார் பிடித்தது. "சீட்டு இல்லாட்டி அது வெறும் செத்த பூச்சி ரீ. சீட்டு இருந்தா அது சாட்சி" என்பார்.

சந்தன மரம் அவருடைய உத்தியோகம். ஆசை வேறொன்றின் மேல். சாண் போட்டு சாண் போட்டு நடக்கும் புழுக்களைப் பார்த்திருப்பீர்கள். முதுகை வில்லாக வளைத்து, வாலைத் தலையிடம் கொண்டுவந்து, மறுபடி நீளும். அந்தப் புழுக்களிலிருந்து வரும் அந்துப்பூச்சிகளைத்தான் ராவ் அய்யா 'சர்வேயர் குடும்பம்' என்பார். அந்தக் குடும்பத்தில் தலசோடஸ் என்று ஓர் இனம். கிரேக்க பாஷையில் கடல்நிறம் என்று பொருளாம். நான் கடலைப் பார்த்ததில்லை, ஆனால் அந்தப் பூச்சியைப் பார்த்திருக்கிறேன். சிறகு விரித்தால் வெள்ளி ரூபாயைவிடக் கொஞ்சம் அகலம், முழுக்க இளம்பச்சை, குறுக்கே வெளிறிய இரண்டு கோடு. புழுவோ மாந்தளிரில் இருக்கும். தலை உச்சி இரண்டாகப் பிளந்து, இலைக்காம்பு மாதிரி விறைத்து நிற்கும். நாம் காம்பு என்று நினைத்துக் கிள்ளினால் அது நெளியும்.

எங்கள் பெட்டியில் தலசோடஸ் இனத்தில் குவாட்ரேரியா, டிசிட்டா, வெரேரியா என்று மூன்று ஜாதி இருந்தன. மூன்றையும் கலந்து வைத்தால் பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாது. ஆண் பூச்சியின் வால் நுனியைக் காஸ்டிக் காரத்தில் ஊறவைத்து பூதக்கண்ணாடியில் பார்த்தால்தான் எது எதென்று சொல்ல முடியும். இருபது வருஷமாக ராவ் அய்யா இந்த இனத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாலாவதாக, யாரும் பெயர் வைக்காத ஒன்று எங்கள் மலையில் இருக்கும் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை.

நாற்பதுகள் வந்தன, சண்டையும் வந்தது. பூச்சி ஊசி ஜெர்மனியிலிருந்து வருவது. அது நின்றுபோயிற்று. "ஹிட்லருக்கு நம்ம மேல ஏன்ரீ இத்தனை கோவம்?" என்று ராவ் அய்யா நிஜமாகவே வருத்தப்பட்டார். ஊசி இல்லாததால், பிடிக்கிற பூச்சியைப் பழைய பேப்பரில் முக்கோணமாக மடித்து வைத்து, மேலே நம்பர் போட்டு, பிஸ்கட் டின்னில் அடுக்கினோம். ஒரு வருஷத்துக்குமேல் இப்படியே சேர்ந்தது. பிறகு பெங்களூரிலிருந்து பழைய ஊசி ஒரு பாக்கெட் கிடைத்தது.

இங்கேதான் வினை. காய்ந்த பூச்சியை அப்படியே ஊசியில் குத்தினால் அப்பளம் மாதிரி நொறுங்கிவிடும். அதைப் பதப்படுத்த வேண்டும். ஒரு டின்னில் ஈர மணலைப் பரப்பி, பூசணம் பிடிக்காமலிருக்கக் கார்பாலிக் நாலு சொட்டு விட்டு, மேலே ஒற்றுத்தாளைப் போட்டு, பூச்சியைப் பொட்டலத்தோடு உள்ளே வைத்து மூடுவோம். ஒரு நாள் விட்டால் சிறகு இளகிவிடும். மறுநாள் எடுத்துக் குத்த வேண்டும். சண்டைக்கு முன்னால் பச்சைப் பூச்சிகளையெல்லாம் பிடித்த அன்றே குத்திவிடுவோம். அவற்றை இப்படி ஊறப்போட்ட பழக்கம் எனக்கும் கிடையாது, ராவ் அய்யாவுக்கும் கிடையாது.

வத்தல்மலையில் சாமை விதைக்கிற சடையன் என்று ஒருவர், வாரம் ஒருமுறை சந்தைக்கு இறங்கும்போது எங்களுக்குப் பொட்டலங்கள் கொண்டுவருவார். மலையில் ஒரே மாமரத்திலிருந்து ஒரே நாளில் அவர் பிடித்த ஒன்பது பொட்டலம் டின்னில் இருந்தன. 'மாமரம், அந்து' என்று மட்டுந்தான் மேலே எழுதியிருந்தது. ஏழு பொட்டலத்தை ஊறப்போட்டேன். டின்னில் அதற்குமேல் இடமில்லை. மீதி இரண்டைத் திரும்ப பிஸ்கட் டின்னிலேயே வைத்தேன். அன்று சாயங்காலமே பென்னாகரத்தில் இருந்த என் மாமா வீட்டுக்கு பஸ் ஏறினேன். மறுநாள் காலையில் எனக்குப் பெண் பார்க்கிற வைபவம். மத்தியானத்துக்குள் திரும்பிவிடலாம் என்பது ஏற்பாடு.

பெண்ணின் அப்பா அங்கமுத்து, பென்னாகரம் சந்தையில் ஜவுளிக் கடை போடுகிறவர். என்னை உட்கார வைத்து, துணியை விரலால் நிமிண்டிப் பார்க்கிற மாதிரி ஒரு பார்வை பார்த்தார்.

"மாப்ளைக்கு என்னங்க உத்தியோகம்?"

"சர்க்கார் உத்தியோகமுங்க" என்றார் என் மாமா.

"சர்க்கார்ல என்னுங்க?"

"பூச்சி புடிக்கறதுங்க" என்றேன் நான்.

"புடிச்சு?"

"ஊசியில குத்தி வெப்பேனுங்க."

"குத்தி வெச்சு?"

"கீழ சீட்டு எழுதி வெப்போமுங்க."

"அப்புறம்?"

கொஞ்சம் யோசித்தேன். "அவ்வளவுதானுங்க."

வீட்டுக்குள்ளே யாரோ களுக்கென்று சிரித்தார்கள். காப்பி கொண்டுவந்த பெண், தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, அப்பா முறைப்பதையும் பொருட்படுத்தாமல், "பூச்சி கடிக்காதுங்களா?" என்று கேட்டாள்.

"செத்த பூச்சிதானுங்க" என்றேன்.

"அப்பச் செரி" என்றாள். எனக்கு அந்த இரண்டு வார்த்தையிலேயே மனசு போய்விட்டது. ஆனால் அங்கமுத்து, "கலந்துக்கிட்டுச் சொல்லியனுப்பறோமுங்க" என்றார். அப்படிச் சொன்னால் என்ன அர்த்தம் என்பது எல்லாருக்கும் தெரியும்.

சோகத்தோடு பஸ்ஸுக்குப் போனால் மழை பிடித்துக்கொண்டது. அது பெட்ரோல் கிடைக்காத காலம். பஸ்கள் கரி வாயுவில் ஓடின. மழையில் கரி நனைந்து, பஸ் ஒரு மேட்டில் ஏற மாட்டேன் என்று பின்னால் வந்துவிட்டது. மாமா வீட்டிலேயே இன்னும் இரண்டு நாள் தங்க வேண்டியதாயிற்று. முகாமுக்கு வந்து சேர்ந்தபோது பொட்டலங்கள் முழுதாக மூன்று நாள் ஊறியிருந்தன.

ஒவ்வொன்றாகப் பிரித்தேன். ஏழும் வைக்கோல் நிறம். உருவம் தலசோடஸ், கோடு தலசோடஸ், ஆனால் நிறம் மட்டும் நான் அதுவரை பார்க்காத ஒன்று. ராவ் அய்யாவைக் கூப்பிட்டேன். அவர் லென்சைக் கண்ணில் வைத்தவர் அரைமணி நேரம் எடுக்கவில்லை. பிறகு எழுந்து போய் காப்பியோடு வந்து பாதியை என் பக்கம் தள்ளினார். நாலாவது பாதி.

ஏழும் பெண் பூச்சி. ஆண் ஒன்று இருந்திருந்தால் வால் நுனி பார்த்து உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆண் கிடைக்கும் வரை பொறுக்க அவருக்கு மனசு வரவில்லை. இருபது வருஷம் காத்திருந்த மனுஷர். ஒரு மாதம் உட்கார்ந்து கட்டுரை எழுதினார். வடக்கே அச்சாகும் ஒரு சஞ்சிகைக்கு அனுப்புவதாக ஏற்பாடு. ஒருநாள் தலையை நிமிர்த்தாமலே, "உம்ம பேர வெக்கறேன் ரீ. தலசோடஸ் மாரப்பை" என்றார்.

"எம் பேரா? புடிச்சது சடையனுங்களே?"

"சடையன் பேருல ஏற்கெனவே ஒரு வண்டு இருக்கு ரீ. அவர் தப்பா நெனைக்க மாட்டார்."

எட்டாவது படித்தவன் பெயர் லத்தீனில் வரப்போகிறது. அன்று ராத்திரி அதை இங்கிலீஷில் பத்துத் தடவை எழுதிப் பார்த்தேன். இதோடு நிற்கவில்லை. ராவ் அய்யா ஒகேனக்கல் போகிற வழியில் பென்னாகரம் சந்தையில் ஒரு துண்டு வாங்கினார். வாங்கின கையோடு கடைக்காரர் அங்கமுத்துவிடம், "நீங்க வேண்டாம்னு சொன்ன மாப்பிள்ளை பேர் சீமை வரைக்கும் புஸ்தகத்துல வரப்போகுது ரீ. இந்த உலகம் இருக்கற வரைக்கும் இருக்கும்" என்று சொல்லிவிட்டு வந்தார். அடுத்த வாரமே மாமாவிடமிருந்து தகவல் வந்தது. தை மாதத்தில் வைத்துக்கொள்ளலாம் என்று அங்கமுத்து சொல்கிறாராம். சந்தையில் வருகிற போகிறவர்களிடமெல்லாம் மாப்பிள்ளை பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கிறாராம்.

கட்டுரை முடிகிற நேரத்தில், மிச்சமிருக்கும் இரண்டு பொட்டலத்தையும் குத்திவைத்தால் வரிசை ஒன்பதாகுமே என்று பிஸ்கட் டின்னைத் திறந்தேன். ஒன்றை எறும்பு தின்றுவிட்டிருந்தது. இன்னொன்றைப் பிரித்தேன். பளிச்சென்று பச்சை.

அதே மாமரம், அதே நாள், அதே கை. முதலில், ஒரே மரத்தில் இரண்டு ஜாதி இருக்கக்கூடாதா என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். சந்தை நாளன்று சடையன் வந்தபோது மெதுவாகக் கேட்டேன்.

"அந்த மாமரத்துல வைக்கோல் கலர்ல பூச்சி இருந்துதுங்களா, சடையா?"

"வைக்கோலுங்களா? ஒம்பதும் பச்சைதானுங்க. எங்க மலையில வைக்கோல் கலர்ல அப்படியொண்ணு நான் பாத்ததில்லீங்க."

"ஏன் இத முன்னாடியே சொல்லலீங்க?"

"நீங்க கேக்கலீங்களே, சாமி."

நியாயந்தான். ஒரு மாதமாக இரண்டு பேர் லென்ஸ் வைத்துப் பார்த்தோம், பிடித்தவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இருந்தாலும் கண்ணால் பார்க்க வேண்டும். அந்தப் பச்சைப் பூச்சியின் சிறகுகளைப் பிளேடால் எடுத்தேன். இடது ஜோடியை வெறும் டின்னிலும், வலது ஜோடியை ஈர மணல் டின்னிலும் வைத்தேன். ராவ் அய்யாவுக்குத் தெரியாமல் என் டிரங்குப் பெட்டிக்குள் இரண்டையும் பூட்டினேன். முதல் நாள் ஓரம் மட்டும் மங்கியிருந்தது. இரண்டாம் நாள் பச்சை நரம்போரமாக ஒதுங்கி நின்றது. மூன்றாம் நாள் காலையில் மூடியைத் திறந்தேன். வைக்கோல். தலசோடஸ் மாரப்பை என் கண் முன்னாலேயே பிறந்திருந்தது.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். அந்தச் சிறகுகளை அடுப்பில் போட்டுவிடலாம் என்று நினைத்தேன். போட்டிருந்தால் யாருக்கும் தெரியாது. சடையன் தானாகச் சொல்லமாட்டார் என்பதுதான் தெரிந்த விஷயமாயிற்றே. என் பெயர் நிற்கும், தை மாதம் கல்யாணம் நடக்கும், ராவ் அய்யா இருபது வருஷம் தேடியது கிடைத்ததாக இருக்கும். சொன்னால் மூன்றும் போகும். அன்றைக்குச் செல்லம்மாள் "அப்பச் செரி" என்று சொன்னது காதிலேயே இருந்தது. அழுகை வந்தது, வெட்கமில்லாமல் அழுதேன். ஆனால் அந்த ஏழு பூச்சியின் கீழும் சீட்டு எழுதியது என் கை. அவை சாட்சி என்றால், பொய்ச்சாட்சி சொல்ல வைப்பது நானல்லவா? அட்டை ஒன்றை வெட்டி, இரண்டு ஜோடியையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டினேன்.

நான் உள்ளே போனபோது ராவ் அய்யா கட்டுரையைத் தபாலுக்குக் கட்டி, சணல் சுற்றி, மெழுகுவர்த்தியில் அரக்கைக் காய்ச்சிக்கொண்டிருந்தார். அட்டையை அவர் முன்னால் வைத்தேன்.

"இது ஒரே பூச்சியோட சிறகுங்கய்யா. வலது பக்கத்த மட்டும் ஈரத்துல வெச்சேன்."

அரக்குக் குச்சி ஒழுகி மேசையில் சொட்டியது. அவர் கவனிக்கவில்லை. லென்சை எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார்.

"எத்தனை நாள் வெச்சீர்?"

"மூணு நாளுங்க."

"அந்த ஏழையும்?"

"அதுவும் மூணு நாளுங்க."

"ஒரு நாள்தானே ரீ சொல்லியிருக்கேன்?"

"பஸ் மேடு ஏறலீங்கய்யா."

கண்ணாடியைக் கழற்றினார். 'பஹள சந்தோஷ' வரப்போகிறது என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். வரவில்லை. துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்து பக்கத்தில் போனேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

"பொண்ணு பார்க்கப் போன எடத்துல பஸ் ஏறாததால ஒரு புது ஜாதி! ஏன்ரீ, படைச்ச பிரம்மாவுக்கே இந்த வழி தெரியாது ரீ!" கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துவிட்டு, சட்டென்று நின்றார். "தப்பு உம்முது மட்டும் இல்லை. ஆண் பூச்சி கிடைக்கட்டும்னு நான் காத்திருக்கணும். நிறத்தப் பாத்து மயங்கிட்டேன்."

சணலைப் பிரித்தார். அறுக்கவில்லை, பிரித்து, விரலில் சுற்றி இழுப்பறையில் வைத்தார். கட்டுரைத் தாள்களின் பின்பக்கம் வெள்ளையாக இருந்ததால், அவற்றை மற்ற பூச்சிகளுக்குச் சீட்டு வெட்டக் கொடுத்தார். ஏழையும் தூக்கிப் போடவில்லை. அட்டையையும் அதே வரிசையில் குத்தச் சொன்னார். தானே ஒரு சீட்டு எழுதினார். முன்பக்கம் எழுதியதைத்தான் அந்தத் தம்பி போட்டோவில் பார்த்தார். எழுதி முடித்து, சீட்டைத் திருப்பி, பின்பக்கமும் ஒரு வரி எழுதினார்: 'முதலில் கண்டுபிடித்துச் சொன்னவரும் அவரே.' பிறகு காப்பி வந்தது. பாதியை ஊற்றவில்லை. தம்ளரோடு என் பக்கம் தள்ளிவிட்டு, "எனக்கு இன்னிக்கு வேண்டாம் ரீ" என்றார்.

குடித்து முடிக்கும் வரை பார்த்திருந்துவிட்டுக் கேட்டார்: "அந்த ஜவுளிக்காரருக்கு யார் சொல்றது?"

"நானே போய்ச் சொல்லிடறேனுங்கய்யா."

பென்னாகரத்தில் அன்று சந்தை. அங்கமுத்து கடையில் ஒரு அம்மா பச்சைப் புடவை ஒன்றை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சாயம் போவுங்களா?"

"போவவே போவாதும்மா! நீங்க கிழிச்சாத்தான் உண்டு, சாயம் போவாது" என்ற அங்கமுத்து என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார். "வாங்க மாப்ளே! உங்க பூச்சி என்னாச்சு?"

வழியெல்லாம் வார்த்தைகளை அடுக்கிக்கொண்டு வந்தேன். எல்லாம் மறந்துபோயிற்று. "சாயம் போயிருச்சுங்க" என்றேன்.

அந்த அம்மா புடவையைப் பொத்தென்று கீழே போட்டார். "அப்பவே நெனச்சேன்" என்று எழுந்து போய்விட்டார். பின்னால் நின்ற இரண்டு பேரும் நகர்ந்தார்கள்.

"மெதுவாப் பேசுங்க மாப்ளே, மெதுவா! யாவாரத்தக் கெடுத்துப் போடாதீங்க" என்று என் கையைப் பிடித்து இழுத்து மூட்டைகளுக்குப் பின்னால் உட்கார வைத்தார் அங்கமுத்து. அங்கே எல்லாவற்றையும் சொன்னேன். ஊறப்போட்டது, வெளுத்தது, பெயர் போனது. "புஸ்தகத்துல எம் பேரு வராதுங்க. பழைய மாதிரி பூச்சி புடிக்கறவந்தானுங்க நான். நீங்க வேற எடம் பாத்துக்கறதுன்னாலும் நான் தப்பா நெனைக்க மாட்டேனுங்க" என்று முடித்தேன். கடைசி வாக்கியம் பொய்.

அங்கமுத்து தாடையைச் சொறிந்தார். "இத நீங்க சொல்லலைன்னா எங்களுக்குத் தெரிஞ்சிருக்குமுங்களா?"

"தெரிஞ்சிருக்காதுங்க."

"உங்க அய்யாவுக்கு?"

"அவருக்கும் தெரியாதுங்க."

கீழே கிடந்த பச்சைப் புடவையை எடுத்துத் தூசி தட்டி மடித்தார். "முப்பது வருசமா ஜவுளி விக்கறேன். சாயம் போச்சுன்னு தானா வந்து சொன்ன ஆள இன்னிக்குத்தான் பாக்கறேன். பொண்ணு குடுக்கலாமுங்க. ஆனா ஒண்ணு, என்னிக்கும் கடைப்பக்கம் மட்டும் வந்து உக்காந்துடாதீங்க."

தை மாதம் கல்யாணம் நடந்தது. ராவ் அய்யா வந்து முன் வரிசையில் உட்கார்ந்து, எல்லாரையும் 'ரீ' போட்டு விசாரித்தார். சடையன் மலையிலிருந்து ஒரு கூடை தேனடை கொண்டுவந்தார். தலசோடஸில் நாலாவது ஜாதி ராவ் அய்யாவுக்குக் கிடைக்கவே இல்லை. ஓய்வு பெறும் வரைக்கும் தேடினார். அதைப் பற்றி ஒருநாளும் குறைப்பட்டுக்கொள்ளவில்லை. பச்சைப் பூச்சியை ஊறப்போடக் கூடாது என்று புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லும்போது மட்டும் என்னைக் கூப்பிட்டு நடுவில் நிற்க வைப்பார்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு, "அடுத்த தடவ அந்தச் சீட்டத் திருப்பிப் பாருங்க தம்பி" என்றேன். அவர் எழுதிக்கொண்டார். அப்போது செல்லம்மாள், "பூச்சியப் பத்திச் சொன்னீங்க, பொடவையப் பத்தி ஆரு சொல்றது?" என்று உள்ளே போய் டிரங்குப் பெட்டியைத் திறந்தாள்.

அங்கமுத்து மறுவீட்டுக்கு மகளுக்குக் கொடுத்தது அதே பச்சைப் புடவை. சண்டைக் காலத்துச் சாயம். முதல் அலசலில் தொட்டித் தண்ணீரெல்லாம் பச்சையாகி, புடவை வைக்கோல் நிறத்தில் வெளியே வந்தது. கொடியில் அதை விரித்துப் போட்டுவிட்டு அன்றைக்குச் செல்லம்மாள் என்னிடம் சொன்னாள்: "இதுக்கும் ஒரு சீட்டு எழுதிக் குத்தி வெய்யுங்க. வெளுக்க வெச்சது ஆருன்னு எங்கப்பன் பேரையே போடுங்க." போட்டேன். ராவ் அய்யா கொடுத்த ஜெர்மன் ஊசியிலேயே குத்தினேன்.

புடவை இன்னும் கிழியவில்லை. அங்கமுத்து சொன்னதில் பாதி உண்மைதான். சீட்டும் அப்படியே இருந்தது. தம்பி அதை வெளிச்சத்தில் பிடிக்கச் சொல்லி, கலரில் போட்டோ எடுத்துக்கொண்டு போனார்.